கனடா மாப்பிள்ளை, கும்பகோணத்துப் பெண்... நடுவில் ஒரு ஃபைல்!

கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் மாப்பிள்ளை டொரண்டோவுக்குக் கிளம்பிவிடுகிறார். மூன்று வார லீவுக்குள் நிச்சயதார்த்தம், கல்யாணம், மறுவீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்றால் அப்படித்தான். திருச்சி விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். "ஆறே மாசம்மா, விசா வந்துடும்."

ஆறு மாதம் எட்டாகிறது, பன்னிரண்டாகிறது. தலை தீபாவளி வீடியோ காலில் முடிகிறது. எதிர்வீட்டு மாமி "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பார் என்பதற்காகவே பெண் வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிடுகிறாள். அப்புறம் ஒரு நாள் நேர்காணலுக்கு அழைப்பு வருகிறது. "உங்கள் கணவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்கிறார் அதிகாரி. "கோயில்ல" என்கிறாள் பெண். ஃபைலில் இருப்பதோ, 'பெண்ணின் வீட்டில்'.

இரண்டுமே உண்மை. பையன் வீட்டார் முதலில் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள். பிடித்துப்போன பிறகுதான் முறைப்படி வீட்டுக்கு வந்து சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் கணக்கில் வீட்டுக்கு வந்ததுதான் 'பெண் பார்த்தது'. பெண்ணின் கணக்கில், பிரகாரத்தில் ஓரக்கண்ணால் பார்த்ததுதான் முதல் தடவை. நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு, ஒரே கேள்விக்கு இரண்டு பதில்.

இது ஓர் உதாரணத் தம்பதிதான். ஆனால் கணவன் மனைவியைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பான்சர்ஷிப் ஃபைல்கள் பெரிய பொய்களால் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. இந்த மாதிரிச் சின்ன இடைவெளிகளிலும் தடுக்கி விழுகின்றன. காரணம் ஒன்றுதான். ஃபைலை நிரப்பியவர் ஒருவர், அதில் கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் நிரப்பியிருப்பார். அல்லது 'எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் சார்' என்று சொன்ன ஏஜென்ட் நிரப்பியிருப்பார். பெண், பென்சிலில் குறி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

விண்ணப்பதாரர் யார்?

பெரும்பாலான வீடுகளில் இதை 'மாப்பிள்ளை அப்ளை பண்ணியிருக்கார்' என்றுதான் சொல்கிறார்கள். கனடாவின் கணக்கு வேறு. கணவர் ஸ்பான்சர், அதாவது பொறுப்பேற்பவர். நிரந்தர வசிப்புரிமை கேட்கும் முதன்மை விண்ணப்பதாரர் மனைவிதான். (மனைவி அங்கே இருந்து கணவரை அழைத்தால் இதற்கு நேர்மாறு, இப்போது அப்படியும் நிறைய நடக்கிறது.) ஃபைலில் தவறான தகவல் இருந்தால் அதன் விளைவும் விண்ணப்பதாரர் தலையில்தான் விழும். உண்மையை மறைத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழையத் தடை. 'எனக்குத் தெரியாது, ஏஜென்ட் எழுதினது' என்ற பதில் அங்கே சுலபத்தில் எடுபடாது.

ஆகவே, ஃபைல் போகும் முன்பு கணவனும் மனைவியும் ஓர் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்து, எல்லாப் பக்கங்களையும் சேர்ந்து படிக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஒத்திகை பார்த்துப் பதிலை மனப்பாடம் செய்வதற்காக அல்ல. கோயிலா, வீடா என்ற பேச்சு அப்போதே வந்து, 'முதலில் கோயிலில் இரு குடும்பமும் சந்தித்தோம், எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள்' என்று இரண்டு வரியாக எழுதிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்பே கேட்க வேண்டியது

'பையன் கனடாவில் இருக்கான்' என்ற ஒரு வரியில் நாலு விதமான பையன்கள் இருக்கிறார்கள். குடியுரிமை பெற்றவர், பி.ஆர். வைத்திருப்பவர், வேலை அனுமதியில் இருப்பவர், படிக்கப் போனவர். மனைவியை ஸ்பான்சர் செய்ய முடிவது முதல் இரண்டு பேரால் மட்டுமே. பி.ஆர். வைத்திருப்பவர் ஸ்பான்சர் செய்யும் காலத்தில் கனடாவிலேயே வசிக்கவும் வேண்டும்.

வேலை அனுமதியில் இருப்பவரும் மாணவரும் மனைவிக்குத் தற்காலிக வேலை அனுமதிதான் கேட்க முடியும். அதையும் 2025 ஜனவரி 21 முதல் இறுக்கிவிட்டார்கள். மாணவர் என்றால் குறைந்தது 16 மாத முதுகலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் படிப்பவரின் துணைக்கு மட்டும். வேலையில் இருப்பவர் என்றால் குறிப்பிட்ட வகை வேலைகளும், அனுமதியில் இன்னும் 16 மாதமாவது மிச்சமும் இருக்க வேண்டும். 'கல்யாணம் பண்ணிட்டா கூட்டிட்டுப் போயிடுவார்' என்று நம்பிப் பெண்ணின் வேலையை ராஜினாமா செய்ய வைக்கும் முன்பு இதைக் கேட்டுவிடுவது நல்லது. பி.ஆர். கார்டைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஜாதகம் கேட்கிறோம், பி.ஆர். கார்டு கேட்கக் கூடாதா?

சம்பளத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 'இவ்வளவு லட்சம் காட்டினால்தான் மனைவியைக் கூப்பிட முடியும்' என்று சொல்லிப் பணம் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரை அழைக்கத்தான் குறைந்தபட்ச வருமானக் கணக்கு. மனைவியை அழைக்கப் பொதுவாக அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆனால் ஸ்பான்சர் அரசு உதவித்தொகையில் வாழ்பவராக இருக்கக் கூடாது (உடல் குறைபாட்டுக்கான உதவித்தொகை விதிவிலக்கு), திவாலாகி அதிலிருந்து மீளாதவராக இருக்கக் கூடாது. இன்னொன்றும் முக்கியம். அவரே முன்பு ஒரு மனைவியின் ஸ்பான்சர்ஷிப்பில் கனடாவுக்குள் போயிருந்தால், பி.ஆர். ஆகி ஐந்து ஆண்டு முடியும் வரை வேறு துணையை அழைக்க முடியாது. இரண்டாம் திருமணம் பேசும் வீடுகள் இந்தத் தேதியைக் கேட்காமல் பத்திரிகை அடிக்கக் கூடாது.

முதல் திருமணம் முறிந்திருந்தால் கோர்ட் தீர்ப்பின் நகல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிரிவை நம்பி விண்ணப்பிப்பது, கல்யாணத்தையே சட்டக் கேள்விக்கு உள்ளாக்கும்.

'சும்மா ரிஜிஸ்டர் பண்ணி வெச்சுக்கலாம்'

இந்த வாக்கியத்தால் கெட்ட குடும்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பையன் கனடாவுக்கு பி.ஆர். விண்ணப்பம் போட்டிருக்கிறான். 'திருமணமாகாதவர்' என்று எழுதியிருக்கிறான்; அப்போது அது உண்மை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே வரன் அமைகிறது. 'தை மாசம் கல்யாணம் வெச்சுக்கலாம், இப்ப ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிடுவோம், சீக்கிரம் கூப்பிட்டுக்கலாம்' என்கிறார் பெரியப்பா. ரிஜிஸ்டர் ஆகிறது. பையன் அதை கனடா குடிவரவுத் துறைக்குச் சொல்லாமல், திருமணமாகாதவனாகவே போய் இறங்குகிறான். தையில் தடபுடலாகக் கல்யாணம். பிறகு ஸ்பான்சர் செய்கிறான். திருமணச் சான்றிதழில் இருக்கும் தேதியோ அவன் பி.ஆர். ஆன தேதிக்கு முந்தியது.

கனடா விதியில் இதற்கு இடமே இல்லை. ஒருவர் பி.ஆர். ஆகும்போது தன் துணையை அறிவிக்காமல், அவர் பரிசோதிக்கப்படாமல் போனால், பின்னாளில் அந்தத் துணையைக் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாது. காலம் போனால் சரியாகிவிடும் தடையும் அல்ல இது. கருணை அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம், வக்கீல் வைத்துப் போராடலாம், வருடங்கள் போகும். பையனின் சொந்த பி.ஆருக்கே ஆபத்து வரவும் வாய்ப்பு உண்டு. இறங்குவதற்கு முன்பு 'எனக்குத் திருமணமாகிவிட்டது' என்று தகவல் கொடுத்திருந்தால் அந்த ஃபைல் கொஞ்சம் தாமதமாகியிருக்கும். அவ்வளவுதான்.

குழந்தைக்கும் இதே விதி. ஃபைல் நடந்துகொண்டிருக்கும்போது குழந்தை பிறந்தால் உடனே தெரிவித்துச் சேர்க்க வேண்டும். 'அப்புறம் தனியா கூப்பிட்டுக்கலாம்' என்று விட்டால், அந்த 'அப்புறம்' வராமலே போகலாம். அப்பா கனடா குடியுரிமை பெற்றவர் என்றால் குழந்தைக்கே குடியுரிமை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அது தனி விண்ணப்பம்.

இனி நம் ஊர்ச் சட்டம். இந்து திருமணச் சட்டத்தில் சடங்கு நடந்தால்தான் திருமணம். பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான சான்று மட்டுமே. சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வெளிநாட்டு விசாவுக்காகவே முன்கூட்டிப் பதிவு செய்யும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டே கண்டித்தது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பதால் எளிய சடங்கு போதும்; உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும் திருமணம்தான். ஆனால் ஏதோ ஒன்று உண்மையில் நடந்திருக்க வேண்டும். பதிவையே திருமணமாகக் கொள்ள விரும்பினால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்யலாம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மூன்று வார லீவில் வருபவர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த முறையில் நடந்தாலும், தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். மாப்பிள்ளை விமானம் ஏறும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டால் அலைச்சல் மிச்சம். யாழ்ப்பாணப் பக்கம் 'எழுத்து' முதலில், தாலி கட்டு பிறகு என்பது வழக்கம். அங்கே எழுத்து நடந்த நாள்தான் சட்டப்படித் திருமண நாள். படிவத்தில் இரண்டு தேதிகளையும் விளக்கி எழுத வேண்டும். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே என்று போனிலோ, இணையத்திலோ, பதிலாள் வைத்தோ நடந்த திருமணத்தைக் கனடா 2015 முதல் ஏற்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்தாக வேண்டும்.

இனிஷியல் என்ற தலைவலி

பெயர் விஷயத்தில் உலகத்துக்கும் தமிழனுக்கும் ஒத்துவராது. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கவிதா'. ஆதாரில் 'கவிதா சுந்தரம்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. கல்யாணப் பத்திரிகையில் 'சௌ. கவிதா பி.இ.'. நாலும் ஒரே கவிதா என்பது நமக்குத் தெரியும்.

பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கனடாப் படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் எழுதச் சொல்கிறார்கள். பிறகு எல்லா அட்டையிலும் அப்படியே வரும். அங்கே வங்கியில், ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அப்பா பெயரா, கணவர் பெயரா, எதுவும் வேண்டாமா என்பதை ஃபைல் போடும் முன்பே முடிவு செய்து, தேவையானால் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம். கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்துக்காகவும் இல்லை. மாமியார் சட்டத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால், எல்லாம் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன்பு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைப்பது வழக்கம்.

தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இங்கிலீஷ் டீச்சராக இருந்தாலும் அக்கா செய்து தரக் கூடாது. குடும்பத்தினர் மொழிபெயர்ப்பு செல்லாது.

ஆயிரம் போட்டோவில் இருபது

கல்யாண ஆல்பத்தில் ஆயிரம் படங்கள் இருக்கும். கேட்பது அதிகபட்சம் 20. போன், வாட்ஸ்அப் தொடர்புக்கான சான்று 10 பக்கம்.

கடற்கரையில் பலூன் பிடித்துக்கொண்டு எடுத்த 'ப்ரீ வெட்டிங்' படங்களை முதலில் ஓரம் கட்டுங்கள். அதிகாரி தேடுவது அழகை அல்ல, ஆட்களை. நிச்சயத்தில் இரு பக்கத்துப் பெற்றோர், நலங்கில் அத்தை, தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் சித்தப்பா, சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிகள், மறுவீட்டு விருந்து, அடுத்த முறை அவர் வந்தபோது மொட்டை மாடியில் எடுத்த சாதாரணப் படம் என்று காலமும் இடமும் மாறி மாறி வர வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார், என்ன உறவு என்று ஒரு வரி. வரிசையாக உறவினர் பெயர்கள் அச்சான நம் கல்யாணப் பத்திரிகையே ஓர் அருமையான சான்று. மண்டப ரசீது, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீது, இன்ஷூரன்ஸில் மனைவி பெயர் நாமினியாக இருப்பது எல்லாமே கணக்கில் வரும்.

வாட்ஸ்அப்பில் காதல் கவிதைகளைத் தேட வேண்டாம். 'சாப்டீங்களா?', 'அங்க ஸ்னோவா?', 'அப்பாவுக்கு பி.பி. ஏறியிருக்கு, பேசுங்க' என்பவைதான் குடும்பம். ஒரே வாரத்தின் உரையாடலை அடுக்காமல், கல்யாணம் பேசிய நாளிலிருந்து இன்று வரை மாதத்துக்கொன்றாக எடுத்தால் 10 பக்கத்தில் ஓர் உறவின் நடை தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் அதை மூடி மறைக்கிறார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட ஐந்து வயது அதிகம். வேறு மதம், வேறு சாதி. வீட்டை எதிர்த்து நடந்த கல்யாணம் என்பதால் படத்தில் பெற்றோரே இல்லை. பார்த்த ஒன்பதாம் நாளே தாலி. குடும்ப வழக்கத்தை அறிந்த அதிகாரி இதையெல்லாம் நிச்சயம் கவனிப்பார். அவர் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிட வேண்டும். 'என் பெற்றோர் சம்மதிக்கவில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை, இன்று வரை பேசவில்லை. என் தோழிகளும் அவருடைய அண்ணனும் முன்னின்று நடத்தினார்கள்' என்று மனைவி தன் சொந்த வார்த்தையில் எழுதும் ஒரு பக்கக் கடிதம், இரவல் வாங்கிய அப்பா அம்மாவை நிற்க வைத்து எடுத்த படத்தைவிடப் பல மடங்கு மேல். அப்படி இரவல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதிகாரி பார்ப்பது இரண்டே கேள்விகள்: இந்த உறவு உண்மையானதா? குடியேற்றப் பலனுக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டதா? இரண்டில் ஒன்றில் தோற்றாலும் நிராகரிக்கலாம்.

காத்திருக்கும் காலம்

ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். கியூபெக் மாகாணத்தில் இருப்பவருக்குத் தனி நடைமுறை, கூடுதல் காத்திருப்பு. கட்டணம் 2024 ஏப்ரல் மாற்றத்தின்படி எல்லாம் சேர்த்து 1,205 கனடா டாலர். கைரேகைக்கு 85 டாலர் தனி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள் என்பதால் கட்டும் நாளில் அரசு தளத்தில் பார்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும். குடும்ப டாக்டர் தரும் சான்று உதவாது. சர்க்கரை வியாதி இருக்கிறது, செலவு வைப்பார் என்று மனைவியை நிராகரிக்க முடியாது. அந்த விதியிலிருந்து துணைவர்களுக்கு விலக்கு உண்டு. மறைக்கத் தேவையில்லை.

போலீஸ் சான்று விஷயத்தில் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தவர்கள் உஷாராக இருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து ஆறு மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அதை வாங்குவதுதான் நீண்ட அலைச்சல். முதலில் தொடங்க வேண்டிய வேலை இது.

காத்திருக்கும்போது விசிட்டர் விசாவில் போகக் கூடாது என்பார்கள். போகலாம். நிரந்தரமாக வர விரும்பும் ஒருவர், தற்காலிக விசா முடிந்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்வதைக் கனடாச் சட்டம் ஏற்கிறது. கிடைக்குமா என்பது அதிகாரியின் முடிவு. கேட்கும்போது ஸ்பான்சர்ஷிப் ஃபைல் இருப்பதை மறைக்காமல் சொன்னால் போதும். கணவருடன் அங்கே இருப்பவர், ஃபைல் உரிய கட்டத்தை எட்டியிருந்தால் வேலை அனுமதியும் கேட்கலாம்.

பெண்களுக்கு இந்த மாதங்களில் நடக்கும் பெரிய நஷ்டம் வேறு. 'எப்ப வேணா விசா வரும்' என்று வேலையை விட்டுவிடுகிறார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்கள். விசா வரும் வரை வேலை பார்க்கலாம். நோட்டீஸ் பீரியடுக்கு நேரம் கிடைக்கும். பட்டச் சான்றிதழைக் கனடாவில் மதிப்பிட அனுப்புவது, கார் ஓட்டக் கற்று இங்கே லைசென்ஸ் எடுப்பது எல்லாம் இப்போதே முடிகிற வேலைகள்.

குடிவரவுத் துறையின் கடிதங்கள் மின்னஞ்சலில் வரும். அந்த முகவரி ஏஜென்டுடையதாக இருந்தால், பதில் சொல்லக் கொடுத்த கெடு முடிந்த பிறகே பெண்ணுக்கு விஷயம் தெரியும். மனைவியின் சொந்த மின்னஞ்சல், கணக்கின் பாஸ்வேர்டு, அனுப்பிய ஃபைலின் முழு நகல் மூன்றும் அவள் கையில் இருக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்தால், கனடாவில் உரிமம் உள்ள வக்கீலா, அல்லது அங்குள்ள குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் பதிவு பெற்றவரா என்று இணையத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். சுவரில் மேப்பிள் இலை வரைந்திருப்பது தகுதி அல்ல.

நிராகரித்துவிட்டால்? வெளிநாட்டிலிருந்து போட்ட ஃபைல் என்றால், ஸ்பான்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். அங்கே இருவரும் சாட்சி சொல்லலாம், புதுச் சான்றுகளும் தரலாம். முதல் கடிதத்தைப் பார்த்து அழுது முடிப்பதற்குள் இந்த 30 நாள் ஓடிவிடுகிறது என்பதுதான் கஷ்டம்.

போய் இறங்கிய பிறகு

கணவர் மூன்று ஆண்டுகளுக்கு மனைவியின் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு ரத்தாகாது. இதைச் சில கணவர்கள் தலைகீழாக்கி, 'மூணு வருஷம் நான் சொல்றபடி இருக்கணும், இல்லன்னா ஒரு போன் போட்டு உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்' என்று மிரட்டுகிறார்கள். இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்ற விதி 2012-ல் வந்தது உண்மை. கொடுமைக்கு ஆளான பெண்களையே அது கட்டிப்போட்டதால் 2017-ல் நீக்கிவிட்டார்கள். இன்று பி.ஆர். ஆன மனைவியை, பிரிந்து போனதற்காகக் கணவரால் திருப்பி அனுப்ப முடியாது. பி.ஆர். வரும் முன்பே வீட்டில் வன்முறை என்றால், அவர்களுக்கென்று கட்டணமில்லாத தற்காலிக அனுமதி ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு அங்கே 911. வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் ஏமாந்து இங்கேயே நிற்கும் பெண்களுக்கு, தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவே உண்டு. தமிழ்நாட்டில் 181 எண்ணில் பேசலாம்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து நாளைக் கடத்துபவர்களுக்கு: ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால்தான் பி.ஆர். தொடரும்.

விசாவில் ஒரு கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையிலிருந்து ஒரு வருடம். 'ஆடியில் அனுப்ப மாட்டோம், ஆவணி பிறக்கட்டும்' என்று சொல்லும் பாட்டியிடம் அந்தத் தேதியைக் காட்டிவிடுங்கள்.

நகை கொண்டுபோகிறவர்கள் புறப்படும் முன்பே ஒரு பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் விவரம், எடை, மதிப்பு, படம். இறங்கும் நாளில் கனடா சுங்கத்தில் இதைக் கொடுக்க வேண்டும். பிறகு கொண்டுவரப் போவது, அதாவது அம்மா லாக்கரில் விட்டுவந்த ஒட்டியாணம், வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் அதே நாளில் இரண்டாவது பட்டியலில் எழுதியாக வேண்டும். அன்று எழுதாததற்குப் பின்னால் வரி கேட்பார்கள். 10,000 டாலரோ அதற்கு மேலோ பணம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து கிளம்பும்போது நம் ஊர் சுங்கத்திலும் நகைக்கு ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்கிக்கொண்டால், தங்கை கல்யாணத்துக்கு அதே ஆரத்தைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கும்போது வாக்குவாதம் இருக்காது. அந்தச் சான்றைப் பெட்டியில் போடாதீர்கள். கைப்பையில், பாஸ்போர்ட்டோடு.